பல்க்ஹெட் பரிசோதனை தேறியாச்சு: அடுத்து கட்டப்போகிறவர்களுக்கு

வீட்டில் கட்டும் என் விமானத்தின் பல்க்ஹெட்டுகள் (உடல்கூட்டின் குறுக்குச் சட்டங்கள்) தேறி, பின்கூட்டை மூடலாம் என்று ஏபியின் (அங்கீகாரம் பெற்ற பரிசோதகரின்) கையெழுத்து விழுந்துவிட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பார்ட் 24 (இப்படிக் கட்டும் விமானங்களுக்கான தென்னாப்பிரிக்க விதி), பில்டர் லாக் (கட்டுமானக் குறிப்பேடு), எந்தெந்தக் கட்டத்தில் ஏபியைக் கூப்பிடவேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. ஆர்வி-7 மாதிரி, கெட்டி ரிவெட் அடிக்கும் கிட் என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். ஜோகன்னஸ்பர்க் கிட்டான ஸ்லிங் கட்டுகிறவர்களுக்கு பெரும்பாலும் புல் ரிவெட்தான் (ஒரே பக்கத்திலிருந்து இழுத்துப் பூட்டுவது). ஆனாலும் முன்யோசனை விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

நேரமில்லாதவர்கள் அடுத்த பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எந்த ஓட்டையில் ரிவெட் அடிப்பது என்று வரைபடம் சொல்லும். எதில் இப்போதைக்கு அடிக்கக்கூடாது என்பதை ஒரே இடத்தில் சொல்லாது. பல்க்ஹெட் பக்கத்தில் பாதி இருக்கும், மீதி பத்துப் பக்கம் தள்ளி சீட் ரிப், பேகேஜ் தரை, லாங்கரான் (நீளவாட்டுச் சட்டம்), பெல்கிராங்க் (கட்டுப்பாட்டு நெம்புகோல்) பிராக்கெட் பக்கங்களில் சிதறிக் கிடக்கும். ஆகவே முதல் ரிவெட்டுக்கு முன்னால் உடல்கூட்டுப் பக்கங்கள் அத்தனையையும் கடைசிவரை வாசித்து, ஒவ்வொரு பல்க்ஹெட்டுக்கும் ஒரு தாள் போடுங்கள். பின்னால் வேறொரு துண்டு வந்து உட்காரும் ஓட்டைகளின் மேல் நீல மாஸ்க்கிங் டேப்பை ஒட்டி, எந்தப் பக்கத்தில் எந்தத் துண்டு வரும் என்று டேப்பிலேயே எழுதிவிடுங்கள். டேப் இருக்கும் ஓட்டையை யாரும் தொடக்கூடாது, உதவிக்கு வந்த மாமாவானாலும் சரி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. 0.040 தகடும் 0.032 தகடும் சேர்ந்தால் 0.072 அங்குலம். ஏடி4 ரிவெட்டின் விட்டம் 0.125, அடிபட்டு மறுதலையாக விரியும் பகுதிக்கு அதில் ஒன்றரை மடங்கு, 0.1875. கூட்டினால் ஏறக்குறைய 0.26, ஆகவே ஏஎன்470ஏடி4-4 சரி (கடைசி எண் நீளம், 1/16 அங்குலக் கணக்கில்). அதே ஓட்டைக்குப் பிற்பாடு 0.063 டப்ளர் (வலுவூட்டும் கூடுதல் தகடு) ஒன்று வந்தால் 0.32 தொடும், அங்கே நீளம் -5 ஆகவேண்டும். முன்கூட்டியே -4 அடித்துவிட்டால் டப்ளருக்கு இடமில்லை, ரிவெட்டைத் துளைத்து எடுத்தே தீரவேண்டும்.

துளைத்து எடுப்பதில் ஒன்றும் பாவமில்லை. ஏடி வகைக்கு அடையாளமாகத் தலை நடுவில் சின்னக் குழி இருக்கும். அதில் நம்பர் 40 பிட்டை ஊன்றி, பிறகு நம்பர் 30-ஐத் தலையின் ஆழத்துக்கு மட்டும் இறக்கி, பஞ்ச் கம்பியால் தலையை நெம்பி உடைத்து, மறுபக்கம் முட்டுக் கொடுத்துத் தண்டைத் தட்டி எடுப்பார்கள். பிட் கோணினால் ஓட்டை முட்டை வடிவாகிவிடும். அப்புறம் ஏடி5-க்குப் போகவேண்டிவரும். அதற்கு ஓரத்திலிருந்து 5/16 அங்குலம் வேண்டும் (விட்டத்தின் இரண்டு மடங்கு), ஏடி4-க்கு 1/4 போதும். பல்க்ஹெட் ஃபிளேஞ்சில் (மடித்த விளிம்பில்) அந்த 1/16 பல இடங்களில் கிடைக்காது. அங்கே துண்டையே மாற்றவேண்டியதாகிவிடும். அமெரிக்காவிலிருந்து புதுத் துண்டு டர்பன் வந்து சேரும்வரை கராஜில் வெறும் காற்றுதான்.

டேப் ஒட்டும் இடங்கள், ஒழுங்கில்லாமல், நினைவுக்கு வந்தபடி:

- லாங்கரானும் பக்கத் தகடும் சேரும் மேல் மூலைகள். மூன்று தகடு ஒன்றன்மேல் ஒன்று வரும்.
- எஃப்-705-ல் (எஃப் எண்கள் வரைபடத்தின் பல்க்ஹெட் எண்கள்) பேகேஜ் ரிப்புகள் ஒட்டுமிடம்.
- எஃப்-706 பக்கம் பெல்கிராங்க் ரிப்புகள். ஆட்டோபைலட் பிட்ச் சர்வோ வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கே இப்போதே முடிவு செய்யுங்கள். அதன் பிராக்கெட்டும் நட்பிளேட்டும் மேஜையில் இருக்கும்போது அரைநாள் வேலை. மூடியபின் அது தலைகீழாகப் படுத்துச் செய்யும் யோகாசனம்.
- வால் பல்க்ஹெட்டுகளில் ஸ்டெபிலைசர் போல்ட்டுகளைச் சுற்றியுள்ளவை.
- தோள்பட்டை பெல்ட் கேபிள் நங்கூரம்.

அடுத்தது கம்பி, குழாய், கேபிள். ரடர் கேபிள்கள், ஸ்டாடிக் குழாய், வால் விளக்கு வயர், டிரிம் சர்வோ வயர், ஈஎல்டி (விபத்தில் இடம் காட்டும் கருவி) ஆன்டெனா கேபிள் எல்லாம் பல்க்ஹெட் வழியாகத்தான் போகவேண்டும். ஸ்னாப் புஷ் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) ஓட்டைகளை ஸ்டெப் டிரில்லால் மேஜையிலேயே போட்டு, பிசிறு எடுத்து, பிரைமர் அடித்துவிடுங்கள். வரைபடத்தில் இல்லாத ஓட்டை என்றால் கிட் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டு, பதிலை லாகில் ஒட்டுங்கள். வளைவின் அருகிலும் ரிவெட் வரிசையின் அருகிலும் போடவே வேண்டாம். எலிவேட்டர் புஷ்ராட் (வால் சுக்கானைத் தள்ளும் தண்டு) நடுத்துவாரங்கள் வழியே முழு வீச்சும் போய்வரும். வயர்க்கட்டை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஏபி டார்ச் அடித்துப் பார்க்கிற முதல் இடங்களில் அது ஒன்று.

ஃபிளேஞ்ச் விஷயம். அச்சில் அழுத்தி வந்த பல்க்ஹெட்டின் விளிம்பு சரியாக 90 பாகையில் இருக்காது, வளைவில் உலோகம் மிஞ்சி நிற்பதால் வெப் (தட்டையான முகம்) முழுவதும் சற்றே வில்லாக வளைந்திருக்கும். தட்டையான மேஜையில் வைத்துத் தட்டிப் பாருங்கள். ஆடினால் ஃப்ளூட்டிங் பிளையரால் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே ஆழமில்லாத மடிப்பாக, உட்பக்கம் தள்ளி, ஒவ்வொன்றாக எடுங்கள். ஓட்டையின் மேல் மடிப்பு விழவே கூடாது. ஒரே இடத்தில் ஆழமாக அழுத்தினால் ஓட்டை வரிசை சுருங்கி, தகட்டின் ஓட்டையோடு சேராது. கோணத்தைச் சரிசெய்வது இதற்கு முன்னால், பின்னால் அல்ல.

டிம்பிள் அடிப்பதையும் (ரிவெட் தலை பதிய ஓட்டையைச் சுற்றித் தகட்டைக் குழிப்பது) இணைப்பதற்கு முன்பே முடிக்கவேண்டும். இரண்டு பாதிகளும் ரிவெட்டாகிவிட்டால் மேல் மூலைகளில் ஸ்குவீஸர் (அழுத்தும் இடுக்கி) நுழையாது. வெப்பை ஒட்டிய ஓட்டைகளுக்குச் சிறிய விட்ட டை (டிம்பிள் அச்சு) வாங்கி வையுங்கள். ஏடி3-க்கு 0.032-ஐ விட மெலிந்த தகட்டில் கவுண்டர்சிங்க் (தலைக்கான குழியைச் செதுக்குவது) வெட்டக்கூடாது, டிம்பிள்தான்.

வரிசை எல்லோருக்கும் தெரிந்ததே: கிளீகோ (தற்காலிகப் பிடிப்பான்), இறுதித் துளை, பிரித்தல், பிசிறு எடுத்தல், டிம்பிள், சுத்தம், பிரைமர், ரிவெட். தெரியாமல் போவது ஒன்று. பிரித்தபின் எது இடம் எது வலம், எது முன் எது பின் என்பது மறந்துபோகும். மார்க்கர் எழுத்து அசிடோனில் போய்விடும். பென்சிலைத் தொடவே வேண்டாம், கிராஃபைட் பட்ட அலுமினியம் அரிக்கும். ஒரு ஓட்டையில் கம்பி கோத்து அட்டைச் சீட்டுக் கட்டுங்கள். பிரைமர் அடிக்கும்போதும் அது கூடவே தொங்கட்டும்.

பிரைமர் தேவையா என்ற சண்டையில் நான் இறங்கப்போவதில்லை, விடியவிடிய நடக்கும். டர்பனில் கடலை ஒட்டிய வர்ஜீனியா விமானத் திடலில் நிறுத்தப்போகிறவர் அடித்துவிடுவது நல்லது, உள்நாட்டில் ஹாங்கர் வைத்திருப்பவர் அவரவர் விருப்பம். ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் இரண்டு பாக எப்பாக்சி வெளுத்துப்போகும். டப்பாவில் போட்டிருக்கும் ஈரப்பத வரம்பைப் பாருங்கள். பெர்க் காற்று (உள்நாட்டு மேட்டிலிருந்து இறங்கும் வெப்பக் காற்று) அடிக்கும் நாள் உலர்ந்ததுதான், ஆனால் புழுதியும் சேர்த்துக் கொண்டுவரும், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

ஹார்ட்வேர் கடை பிட்டைப் பற்றி. நம்பர் 40 என்பது 2.49 மில்லிமீட்டர், கடையின் 2.5 ஒத்துப்போகும். நம்பர் 30 என்பது 3.26. கடையில் கிடைக்கும் 3.2 போட்ட ஓட்டையில் பிரைமர் ஏறியதும் ரிவெட் முரண்டு பிடிக்கும். நம்பர் பிட்டுகளை ரிவெட்டோடு சேர்த்தே வரவழையுங்கள். ரிவெட் பவுண்டு கணக்கில்தான் விற்கும். -4 மட்டும் வாங்கிக் குவிக்காமல் -5, -6 சிறு பொட்டலமாகவும் இருக்கட்டும்.

எனக்குக் கூட்டம் ஆகாது. பல்க்ஹெட் வேலையில் பெரும்பகுதி கை ஸ்குவீஸரால் தனியாளாகவே முடியும், மின்வெட்டில் கம்ப்ரஸர் நின்றாலும் நிற்காது. பக்கத் தகடு ஏறியபின் வால்பகுதிக்குள் பக்கிங் பார் (ரிவெட்டுக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டை) பிடிக்க மட்டும் மெலிந்த கை கொண்ட ஒருவரை முன்கூட்டிச் சொல்லி வையுங்கள்.

ஏபி பார்ப்பவை:

- ஏடி4 மறுதலை 4.8 மிமீ அகலம், 1.6 மிமீ உயரம். ஏடி3-க்கு 3.6, 1.2. அளவுத் தகடு ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.
- ஏஎன்3 போல்ட்டுக்கு 20 முதல் 25 அங்குல-பவுண்டு, அதாவது சுமார் 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர். தானே இறுகும் நட்டின் சொந்த இழுவையை அளந்து அதோடு கூட்டவேண்டும். முடிந்ததற்கு டார்க் சீல் கோடு (இறுக்கியாச்சு என்று காட்டும் பெயின்ட் கோடு).
- மூடப்போகும் ஒவ்வொரு அறையின் புகைப்படம், ஸ்கேல் பக்கத்தில் வைத்து.
- உள்ளே உதிர்ந்த ரிவெட் தண்டுகள், சீவல்.

முதன்மை ஸ்பார் பல்க்ஹெட் எஃப்-704 தனி ரகம். அதன் இரு பாதிகளுக்கும் நடுவே இறக்கையின் ஸ்பார் (முதுகெலும்புச் சட்டம்) நுழையும். இடைவெளிக்கட்டைகளும் போல்ட்டுகளும் பூட்டியிருக்கும்போதே ரிவெட் அடியுங்கள், இல்லையேல் இடைவெளி ஒரு பக்கம் கூம்பிவிடும். ஸ்பார் உரசும் முகத்தில் எங்கே தட்டைத் தலை என்று வரைபடத்தில் பார்த்து, அந்த ஓட்டைகளுக்கும் தனி நிற டேப் ஒட்டுங்கள். போல்ட் ஓட்டைகள் நெருங்கிய பொருத்தம் கொண்டவை, பிரைமர் படாமல் அடைத்து வையுங்கள், டிரில்லை அருகே கொண்டுபோகாதீர்கள்.

எஃப்-705-ன் பின்ஸ்பார் கவட்டைக்கும் டேப் உண்டு, அது கடைசிவரை இருக்கும். அங்கே 5/16 போல்ட், ஆகவே கவட்டையிலும் ஸ்பார் நாக்கிலும் எல்லாத் திசையிலும் 5/8 அங்குலம், ஏறக்குறைய 16 மிமீ, மிஞ்சவேண்டும். இறக்கையை மாட்டி, பின்சாய்வும் கோணமும் சரிபார்த்த பிறகுதான் அந்த ஓட்டை. அதுவரை கவட்டையின் ஓரத்தை அழகுக்காக ஒரு மயிரிழைகூடத் தேய்க்காதீர்கள்.