பிங் போகுது, பில் போகலை

யாங்கூனில் உளுந்து, துவரை ஏற்றுமதி செய்கிற சின்ன அலுவலகம் எங்களுடையது. கணக்கு முழுவதும் 12 வருஷப் பழைய சர்வர் ஒன்றில் கிடக்கிறது. போன மாதம் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது, கம்ப்யூட்டர்களை சர்வரோடு இணைக்கிற நெட்வொர்க் சுவிட்ச் புகைந்துபோனது, புதுசு வாங்கி மாட்டினோம், அன்றிலிருந்து பிடித்தது சனியன்.

காலையில் நன்றாக ஓடும். 10 மணிக்கு எல்லோரும் பில் போட ஆரம்பித்ததும் திணறும், சில நேரம் தொடர்பே அறுந்துவிடும். பிங் (சர்வர் பதில் தருகிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் செய்தி) அடித்தால் மட்டும் ஒழுங்காகப் பதில் வரும். கேபிளை மாற்றினேன், எலி கடித்ததா என்று கூரைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன் (எலி இருந்தது, ஆனால் குற்றவாளி அது இல்லை).

கடைசியில் சர்வரின் நெட்வொர்க் கார்டைத் திறந்து பார்த்தால், எந்தக் காலத்திலோ யாரோ 100 எம்பிபிஎஸ் வேகம், ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்பவும் வாங்கவும் செய்வது) என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். புது சுவிட்சோ ஆட்டோ, அதாவது இரண்டையும் எதிர்முனையோடு பேசித்தான் முடிவு செய்யும். எதிர்முனை பேச்சுக்கு வராவிட்டால் அது வேகத்தை மட்டும் கண்டுபிடித்துக்கொண்டு ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் அனுப்பலாம்) உட்கார்ந்துவிடும். அப்புறம் சர்வர் பாட்டுக்கு அனுப்ப, சுவிட்ச் அதை மோதல் என்று நினைக்க, பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், சாகும். பிங் சின்னது, ஒன்று ஒன்றாகப் போவது, அதனால் தப்பித்துவிடுகிறது.

சர்வரையும் ஆட்டோவுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. முதலாளியிடம் சொன்னேன். "அப்போ அந்தக் கேபிள் காசு?" என்றார்.