கோவளத்தில் ஒரு சர்ஃபிங் கடை

கடை என்றதும் சர்ஃபிங் பலகை விற்றுப் பிழைக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில் அது நடக்கிற காரியமில்லை. வாடகையும் வார இறுதிப் பயிற்சியும்தான் சோறு போடுகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல அலை. ஐப்பசியில் மழையும் புயல் எச்சரிக்கையும் வந்தால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான்.

மற்ற நேரமெல்லாம் ஒட்டுவேலை. பலகையில் விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்துவிடும். நன்றாகக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஃபைபர் துணி வைத்து, ரெசின் என்ற பிசினைப் பூச வேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் குப்பத்தில் ஃபைபர் படகு ஒட்டும் பெரியவர். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின, கூடவே அந்தத் தொழிலும். “கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரா சேத்துடாதப்பா, வெடிச்சிடும்” என்பதுதான் அவரது முதல் பாடம். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் முதலில் ரெசினில் முழுக்கக் கலந்திருக்க வேண்டும், அப்புறம்தான் அதை இறுகவைக்கும் ஹார்ட்னர். சித்திரை வெயிலில் கிண்ணத்திலேயே இறுகிவிடும் என்பதால் விடிகாலையில் முடித்துவிடுவோம். ஆனால் படகுக்குப் பூசும் பாலியஸ்டர் ரெசின் எல்லாப் பலகைக்கும் ஆகாது. உள்ளே தெர்மாகோல் வகை இருந்தால் அரித்துத் தின்றுவிடும், அதற்கு எபாக்சி ரெசின்தான். அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தது இது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை. வெளியூர்க்காரர்கள் அலை உடையாத, அமைதியாகத் தெரியும் இடமாகப் பார்த்துப் பிள்ளைகுட்டியோடு இறங்குவார்கள். அங்கே பள்ளம் இருப்பதால்தான் அலை உடைவதில்லை. கரையேறிய தண்ணீர் அந்தப் பள்ளம் வழியாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடும். இழுத்துக்கொண்டு போனதும் கரையைப் பார்த்து நேராக நீந்திக் கை ஓய்ந்துபோவார்கள். கரையை ஒட்டிப் பக்கவாட்டில் நீந்தினால் சற்று தூரத்தில் இழுப்பு விட்டுவிடும். முன்கூட்டியே சொன்னால் “எங்களுக்கும் நீச்சல் தெரியும் பாஸ்” என்பார்கள்.

அதனால் எட்டடிப் பயிற்சிப் பலகை ஒன்றை வாடகைக்கு விடாமல் வாசலிலேயே சாய்த்து வைத்திருக்கிறோம். காப்பாற்றப் போகிறவர் முதலில் பலகையைத்தான் நீட்ட வேண்டும். கையைக் கொடுத்தால் பயத்தில் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். அப்படிக் காப்பாற்ற ஓடுகிற பையன்கள் எல்லோரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். கரை சேர்ந்தவர்களில் பலர் வெட்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் கார் ஏறிவிடுவார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, பையன்களுக்கு உண்டு.

ஊர்ப் பிள்ளைகளிடம் காசு வாங்குவதில்லை. முன்பெல்லாம் “கடல்ல விளையாட்டு என்ன?” என்று அதட்டிக் கூட்டிப்போன அம்மாக்கள், 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் போட்டி நடந்து, இந்திய வீரர் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கியபின் தாங்களே அழைத்து வருகிறார்கள். வந்ததும் கேட்பது ஒன்றுதான்: “அண்ணா, இதுல ஸ்போர்ட்ஸ் கோட்டா கெடைக்குமா?”