முதல் பாடம் விழுவது

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குத் தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு மண்டபத்தின் சிமென்ட் முற்றத்தில் கூடுகிறோம். ஏழு பெண்கள், ஐந்து ஜோடி ஸ்கேட். மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். கற்பது ரோலர் டெர்பி, ஸ்கேட் அணிந்து நீள்வட்டத் தடத்தில் சுற்றி ஆடும், 1935இல் சிகாகோவில் பிறந்த விளையாட்டு. தடத்தில் ஒரு நேரத்தில் அணிக்கு ஐந்து பேர். தலைக்கவசத்தில் நட்சத்திரம் அணிந்த ஜாமர், எதிரணித் தடுப்பாளர்களை ஊடுருவி முன்னேற வேண்டும். முதல் சுற்றுக்குப் புள்ளி இல்லை; அடுத்த சுற்றிலிருந்துதான் கடக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி.

ஆனால் முதலில் கற்பது விழுவதைத்தான். முழங்காலை ஊன்றி, உடம்பைச் சுருக்கி, விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ள வேண்டும். விரித்த விரல்மேல் பின்னால் வருபவரின் சக்கரம் ஏறிவிடும். எங்களில் பூக்கட்டும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஆள்காட்டி விரலில் நார் அறுத்த தழும்பு. "விரல் போனால் மல்லிகையை யார் கட்டுவது?" என்று, விழும் முன்பே முஷ்டியை இறுக்கிவிடுவார். அவரைப் பார்த்துத்தான் எனக்கு அது பழகியது.

போன வாரம் மூவர் இடுப்போடு இடுப்பு ஒட்டித் தடுப்புச் சுவர் கட்டினோம். நான் நடுவில். கால் நடுங்கியது. இருபுறமும் தோள்கள் என்னை அழுத்தித் தாங்கின. அக்கா காதருகே, "நான் இருக்கிறேன், முட்டியை மடக்கு" என்றார். மடக்கினேன். முழுதாக ஒரு சுற்று, சுவர் உடையவில்லை! அந்த அழுத்தம் இன்னும் என் தோளில் இருக்கிறது.

பிறகு பருத்திப்பால். சுக்கு மணக்க, ஏழு டம்ளர். காசு அக்காதான் கொடுத்தார். அடுத்த வாரம் என் முறை.