மஞ்சப்பைக்குள் இருந்த மாத்திரைகள்

தருமபுரியில் ஒரு மருத்துவமனையில், புது மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். சர்க்கரை நோய் மருந்து ஆய்வு ஒன்றில் சேர, பாலக்கோடு பக்கமிருந்து தக்காளி விவசாயி ஒருவர் வந்தார். இசிஜி எடுத்தோம். க்யூடிசி 506 மில்லி செகண்ட் என்று அச்சாகி வந்தது. அந்த ஆய்வில் ஆண்களுக்கு வரம்பு 450.

இதயம் ஒருமுறை துடித்து, அடுத்த துடிப்புக்கு மின்சார அளவில் தயாராக எடுக்கும் நேரம்தான் க்யூடி. நாடி வேகத்துக்கு ஏற்ப அதைக் கணக்கிட்டுத் திருத்த வேண்டும்; அப்படித் திருத்திய அளவுதான் க்யூடிசி. இயந்திரம் போட்டது பேஸெட் கணக்கு; நாடி வேகமானால் அது கூட்டிக் காட்டும். அவருக்கு நாடி 96. ஆய்வு விதி கேட்டதோ ஃப்ரிடரிசியா கணக்கு. போட்டுப் பார்த்தேன்: 468. பத்து நிமிடம் படுக்கவைத்து மூன்று முறை எடுத்தும் வரம்புக்குள் வரவில்லை.

"இன்னும் ரெண்டு எடுங்க, ஒண்ணாவது 450க்குள்ள வரும்" என்றார் உடன் வேலை செய்பவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரையை அமெரிக்காவில் 1998இல் விலக்கியதே, க்யூடி நீண்டு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போன காரணத்தால்தான். சாதகமான ஒரு தாளைத் தேடிப் பிடித்து அவரை எப்படி உள்ளே அனுப்புவது?

"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க ஐயா?"

"சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தாம்மா."

சரி, பையில் இருப்பதையெல்லாம் காட்டுங்கள் என்றேன். மஞ்சப்பையை மேஜையில் கொட்டினார். சளிக்கு மருந்துக்கடையில் வாங்கிய அசித்ரோமைசின். வயிற்றெரிச்சலுக்குப் பல மாதமாகப் போடும், டோம்பெரிடோன் கலந்த கேப்ஸ்யூல். இரண்டுமே க்யூடியை நீட்டக்கூடியவை. பிரஷர் மாத்திரையில் நீர் பிரியவைக்கும் மருந்தும் சேர்ந்திருந்தது. அது பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது. அவர் ரத்தத்தில் பொட்டாசியம் 3.1தான், இருக்க வேண்டியதைவிடக் குறைவு. அந்தக் குறைவும் க்யூடியை நீட்டும். கடையில் கேட்டு வாங்கியதை அவர் மருந்தாகவே எண்ணவில்லை. அவர்மேல் குற்றமில்லை, நான் கேட்ட விதம் அப்படி.

பதிவேட்டில் 'தகுதியில்லை' என்று எழுதினேன். வழக்கமாக எங்கள் வேலை அதோடு முடிந்துவிடும். அன்று அவரை அப்படியே பேருந்து ஏற்றிவிட முடியவில்லை. இசிஜி தாளோடு பொது மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் டோம்பெரிடோனை நிறுத்தி, பிரஷர் மாத்திரையை மாற்றி, பொட்டாசியத்துக்கு மருந்து எழுதினார். மூன்று வாரம் கழித்து எடுத்த இசிஜியில் 424. மறுபடி ஆய்வில் சேர விதி இடம் கொடுத்தது. ஆனால் தக்காளி பறிப்பு தொடங்கிவிட்டது, வரமுடியாது என்று சொல்லிவிட்டார்.

இப்போதெல்லாம் படிவத்தைத் திறக்கும் முன்பே பையைக் கேட்டு வாங்கிவிடுகிறேன்.