ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டன்ட் ஆக விரும்பும் தம்பிகளுக்கு

ராணுவ மருத்துவத் துறையில் சேர வேண்டும் என்று என்னிடம் வரும் இளைஞர்களில் பலர், மூன்று தனித்தனி வாசல்களை ஒன்றென நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நீட் எழுதி, புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்து, டாக்டராக அதிகாரி ஆவது ஒரு வழி. பெண்களுக்கான ராணுவச் செவிலியர் பணியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து லெப்டினன்ட் ஆவது இன்னொன்று. பிளஸ் டூ முடித்த ஆண்கள் சிப்பாயாகச் சேர்ந்து, லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் படையின் (ஏஎம்சி) சென்டரில் பயிற்சி பெற்று நர்சிங் அசிஸ்டன்ட் ஆவது மூன்றாவது வழி. நான் இந்த மூன்றாவது வாசலில் நுழைந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இதற்கு வயது பதினேழரை முதல் 23 வரை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்கள் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 40 சதவீதமும், மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். தொழிற்கல்விப் பிரிவில் செவிலியம் படித்தவர்கள், தங்களுக்குத்தான் முதல் உரிமை என்று நம்பி விண்ணப்பிக்க வருகிறார்கள். இயற்பியலும் வேதியியலும் இல்லாத சான்றிதழ் இங்கே செல்லாது என்று அவர்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. 2022இல் நான்காண்டுப் பணித் திட்டமான அக்னிபாத் வந்த பிறகும் இந்தப் பிரிவு வழக்கமான பணியாகவே தொடர்கிறது.

எங்கள் காலத்தில் முதலில் மைதானம், கடைசியில் எழுத்துத் தேர்வு. 2023 முதல் கணினித் தேர்வு முன்னால் வந்துவிட்டது. உயிரியலும் வேதியியலும் கைவசம் இல்லாதவர் இனி ஓட்டப் பந்தயம் வரைக்குமே போக முடியாது என்பதால், அதிகாலையில் மைதானத்தைச் சுற்றும் அதே அக்கறையோடு பதினோராம் வகுப்புப் புத்தகத்தையும் புரட்ட வேண்டும். தேறியவர்களைச் சென்னை, கோவை, திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகங்களில் அவரவர் மாவட்டத்துக்கு உரியது அழைக்கும், 1.6 கிலோமீட்டர் ஓட்டம், புல்-அப், ஒன்பதடிப் பள்ளம் தாண்டுதல் எல்லாம் அங்கேதான்.

ஆனால், நான் பார்த்தவரை நன்றாக ஓடிய பையன்களை வீட்டுக்கு அனுப்புவது மருத்துவப் பரிசோதனைதான். முழங்கால்கள் இடித்துக்கொள்வது, தட்டைப் பாதம், நிறக்குருடு, காதில் அடைத்திருக்கும் அழுக்கு என்று காரணங்கள் சின்னதாகவே இருக்கும். அழுக்கை முன்பே காது டாக்டரிடம் போய் எடுத்துவிடலாம். நிறக்குருடு இருந்தால் அதை அங்கே போய் அறிவதைவிட உள்ளூர்க் கண் மருத்துவரிடம் அறிந்துகொள்வது நல்லது. உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்லிப் பணம் கேட்பவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். தேர்வான பையனிடம் தன்னால்தான் நடந்தது என்பார், தேறாதவனிடம் அடுத்த தடவை என்பார். ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

லக்னோவில் முதலில் சிப்பாய், அப்புறம்தான் மருத்துவம். அணிவகுப்பு, துப்பாக்கி, தடை ஓட்டம் எல்லாம் மற்ற படைப்பிரிவுகளைப் போலவே உண்டு. மருத்துவப் பணியாளர்களுக்கு ஜெனிவா ஒப்பந்தத்தின் பாதுகாப்பு உண்டென்றாலும், தன்னையும் தன் நோயாளியையும் காக்க ஆயுதம் ஏந்தலாம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பையன்களுக்குப் பெரிய இடைஞ்சல் இந்தி. நோயாளி தன் வலியை இந்தியிலோ நேபாளியிலோதான் சொல்வான். மார்வலியா, நெஞ்செரிச்சலா என்பதைக் கேட்டுப் பிரிக்கத் தெரியாதவரிடம் ஊசியைக் கொடுத்துப் பயனில்லை. சேருவதற்கு முன்பே பேசிப் பழகிக்கொள்ளுங்கள்.

சினிமாவில் வருவதுபோலக் குண்டுமழைக்கு நடுவே ஓடித் தூக்கிவருவது இந்த வேலையின் சிறு பகுதி. யூனிட்டின் எம்ஐ ரூமில், அதாவது மருத்துவப் பரிசோதனை அறையில், உடம்பு சரியில்லை என்று காலையில் வரிசை கட்டி நிற்கும் சிக் ரிப்போர்ட்தான் பெரும் பகுதி. நீண்ட நடை இருக்கும் நாளில் அந்த வரிசையும் நீளும். சீட்டில் அட்டன்ட் சி என்று எழுதிக்கொடுத்தால் அன்று முழு ஓய்வு என்பதால் வயிற்றுவலி திடீரென்று பரவும். அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்கு உண்மையிலேயே குடல்வால் அழற்சி இருக்கும். அவனைப் பிரித்து ஆர்எம்ஓ என்னும் யூனிட் டாக்டரின் முன்னால் நிறுத்துவது நம் பொறுப்பு. மீதி நேரம் குடிநீர்த் தொட்டிக்குக் குளோரின், கொசுவலைச் சோதனை, மருந்து இருப்புக் கணக்கு, இரவு வார்டு.

கணக்கு எழுதுவது சலிப்பாக இருக்கிறது என்பவர்களுக்கு நான் 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்ற நம் போர்க்கள மருத்துவப் பிரிவைச் சொல்வதுண்டு. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 1950இல் கொரியப் போருக்குச் சென்ற அந்தப் பிரிவு, பியோங்யாங்கிலிருந்து பின்வாங்க நேர்ந்தபோது, ஏற்றிச்செல்ல வண்டியில்லை என்று மருத்துவச் சாமான்களை விட்டுவிட்டு வரவில்லை. கைவிடப்பட்ட ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, எல்லாவற்றையும் ஏற்றித் தாங்களே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். சாமான் இல்லாத மருத்துவப் பிரிவு எதற்கும் உதவாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

லடாக் போன்ற உயரங்களுக்கு மாற்றல் வந்தால் வேலையின் கனம் தெரியும். 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000க்கு மேல் நான்கு நாள், 15,000க்கு மேல் இன்னொரு நான்கு நாள் என்று உடலைப் பழக்கித்தான் படையினரை மேலே அனுப்புவார்கள். முதல் இரண்டு நாள் ஓய்வுதான். இளவயதுக்காரன் தனக்கு ஒன்றுமில்லை என்று சாமான் தூக்கப் போவான். இரவில் இருமல் தொடங்கும், படுத்தால் மூச்சு முட்டும். முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், தலைமுடியைக் காதோரம் விரலால் உரசுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். அது நுரையீரலில் நீர் கோத்த அடையாளம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது: டாக்டரை எழுப்பி, ஆக்சிஜனை வைத்து, கீழே இறக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கே சலைன் பாட்டில் உறைந்துபோகும் என்பதால் அதைக் கோட்டுக்குள் உடம்போடு அணைத்துச் சூடாக வைத்திருப்போம். குளிரில் நரம்பு சுருங்கியிருக்கும் கையில் கேனுலா, அதாவது சலைன் ஏற்றும் சிறு குழாய், போடுவதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையைச் சமவெளி மருத்துவமனையின் இரவு வார்டுகளில்தான் கற்றுக்கொள்ள முடியும். அங்கே கிடைக்கும் வேலையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

வெளியே வந்த பிறகு என்ன என்பதைச் சேரும்போதே யோசியுங்கள். ராணுவப் பயிற்சி எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும், தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் பதிவு அதனால் தானாகக் கிடைத்துவிடாது. ஐசியூவில் பல ஆண்டு நின்றவன் என்று சொல்லி நான் போன ஒரு தனியார் மருத்துவமனையில், பதிவு எண் கேட்டுவிட்டு வார்டு உதவியாளர் சம்பளம் பேசினார்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸின் பாலிகிளினிக்குகளில் ஒப்பந்த முறையில் நம்மைப் போன்றவர்களுக்கு இடம் உண்டு. அதற்கும் போட்டி இருக்கிறது. பணியிலிருக்கும்போதே அறுவை அரங்கு, ஆய்வகம், ரத்த வங்கி, எக்ஸ்ரே போன்ற சிறப்புப் பயிற்சிகளுக்கு வாய்ப்பு வரும்போது பெயர் கொடுங்கள். அஞ்சல்வழியில் ஒரு பட்டமும் முடியுங்கள். ஒவ்வொரு பயிற்சிச் சான்றிதழுக்கும் வீட்டில் ஒரு நகல் வைத்திருங்கள்; ஓய்வுக்குப் பிறகு அதை எழுதி வாங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகிறது.