6,000 ரூபாய் மேலங்கியும் ஓர் உரச் சாக்கும்

வால்பாறைக்கு சைக்கிளில் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. "ஜூலையிலா?" என்று மட்டும் கேட்டார்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அங்கே பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். தென்னிந்தியாவில் மழை அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு பக்கத்தில்தான் இருக்கிறது. எல்லாம் தெரிந்துதான் 6,000 ரூபாய்க்கு மழை மேலங்கி வாங்கியிருந்தேன். "தண்ணீர் உள்ளே போகாது, வியர்வை வெளியே போய்விடும்" என்றார் கடைக்காரர்.

கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர். சமதளம், சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து வால்பாறை 64. ஆழியாறு அணையைத் தாண்டியதும் மலை ஆரம்பிக்கிறது. மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். கடன்காரர் பாக்கியை நினைவூட்டுவதுபோல் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. 9வது வளைவில் லோம்ஸ் வியூ. அணை முழுவதும் தெரியும் என்பார்கள். எனக்கு என் முன்சக்கரம் தெரிந்தது.

வியர்வை வெளியே போக வேண்டுமென்றால் வெளியே காற்று கொஞ்சமாவது காய்ந்திருக்க வேண்டுமாம். கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. பதினைந்தாவது வளைவில் கையை உயர்த்தியபோது முழங்கை வழியாக ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. மழையா, நானா என்று தெரியவில்லை.

அட்டகட்டி என்ற ஊர்ப்பெயரைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பெயருக்கு என்ன காரணமோ, காலுறையைக் கழற்றியபோது ஏழு அட்டைகள் இருந்தன. கடிப்பது தெரியாது, ரத்தம் உறையாமலிருக்க எதையோ உள்ளே விட்டுவிட்டுத்தான் குடிக்கும். அதனால் அது கழன்று விழுந்த பிறகும் ரத்தம் நிற்காது. வெள்ளைக் காலுறை செங்காவியாகியிருந்தது. டீக்கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் முதலில் கல் உப்பையும் பிறகு டீயையும் வைத்தார்.

தேயிலைத் தோட்டங்கள் தொடங்கிய இடத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். எல்லார் தலையிலும் கொங்காணி, அதாவது சாக்கை மடித்துச் செய்த மழைக்குல்லாய். எல்லாரும் காய்ந்திருந்தார்கள். என் பல் அடித்துக்கொள்வதைப் பார்த்த ஒரு பாட்டி மேலங்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன விலை, தம்பி?"

"ஆயிரம் ரூபாய், பாட்டி."

ஐயாயிரத்தைக் குறைத்துச் சொல்லியும் பாட்டி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார்.

"கழற்று."

வயது நாற்பத்திரண்டு ஆனாலும் அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல முடியாது. பழைய உரச் சாக்கு ஒன்றை உதறி, அடியில் ஒரு மூலையை மற்ற மூலைக்குள் முஷ்டியால் தள்ளினார். கூம்பு மாதிரி ஒரு குல்லாய் வந்துவிட்டது. அதை என் தலையில் கவிழ்த்து, முதுகில் தொங்கிய பகுதியை இழுத்துவிட்டார். அரை நிமிட வேலை. கீழ்ப்பக்கம் முழுக்கத் திறப்பு. காற்று தாராளமாக வந்துபோனது. காசு கொடுக்கப் போனபோது, "சாக்குக்கா?" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

கவர்க்கல்லில் பனிமூட்டம். எதிரே வந்த பஸ்ஸின் முகப்பு விளக்கு, தீக்குச்சி உரசியதுபோல் கடைசி நொடியில்தான் தெரிந்தது. ஏற்றம் உயிரை வாங்கும் என்று பயந்துகொண்டிருந்தேன். இறக்கம்தான் அதற்கு முயன்றது. நனைந்த ரிம்மில் பிரேக் கட்டை பிடிக்க யோசிக்கிறது. அழுத்தி, ஐந்து எண்ணி, குலதெய்வத்தைக் கூப்பிட்ட பிறகே சைக்கிள் மனமிரங்கியது. பாதித் தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

வால்பாறையில் விடுதி வரவேற்பாளர் என் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"எந்த எஸ்டேட்?"

"கோவையிலிருந்து வருகிறேன். அறை வேண்டும்."

சாவியை நீட்டிவிட்டு, சுவரிலிருந்த ஆணியைக் காட்டினார். "சாக்கை அங்கே மாட்டுங்கள். காலையில் காய்ந்திருக்கும்." பிறகு என் கையில் சொட்டிக்கொண்டிருந்த மேலங்கியைப் பார்த்தார். "அந்தத் துணியை மட்டும் வாளியில் போட்டுவிடுங்கள்."