சின்னத் தாத்தா போன ஆடி

ஜூலை 25

காலையில் ஆண்கள் எல்லாரும் பால் தெளிக்கப் போய், அப்படியே பகவத் படித்துறையில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்தார்கள். ஆற்றில் நிறையத் தண்ணீர் போகிறதாம். இன்றைக்கு இதற்குமேல் எழுத வரவில்லை.

ஜூலை 26

ராத்திரி எட்டரை. தாத்தாவோடு பேசிக்கொண்டிருக்க வேண்டிய நேரம்.

ஜூலை 28

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் தங்கமான மனுஷன், யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்கிறார்கள். சரி, அது உண்மைதான். ஆனால் தாத்தா அவ்வளவுதானா? கோபக்காரர். புரூஃபில் 'ற' வர வேண்டிய இடத்தில் 'ர' இருந்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்துவிடுவார். நாற்பது வருஷத்துக்கு மேல் பிரஸ்ஸில் அச்செழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக நின்றே வேலை பார்த்த மனிதர். வரி கோக்கும் ஸ்டிக்கை இடது கையில் பிடித்துக்கொண்டு, எழுத்துகளை அறை அறையாகப் போட்டுவைக்கும் கேஸைப் பார்க்காமலே கோழி கொத்துவதுபோல வலது கையால் எழுத்தைப் பொறுக்குவார். ஸ்டிக்கில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் நிற்கும் வரிகளை, நாம் பேப்பர் படிக்கிற வேகத்தில் எனக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அச்சாகி முடிந்ததும், கோத்துக் கட்டின பக்கத்தை, அதாவது ஃபாரத்தைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டும். கோக்கிறதில் இல்லை பாப்பா, கலைச்சுப் போடுறதில்தான் வேலைக்காரன் யாருன்னு தெரியும் என்பார். இதை யாராவது ஒருத்தர் சொல்ல மாட்டார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பிரஸ் முதலாளியின் மகன் வந்தார். அவரும் தங்கமான மனுஷன் என்றுதான் சொன்னார்.

ஜூலை 29

சின்னப் பாட்டி இன்னும் அழவில்லை. எல்லாருக்கும் காபி கொடுத்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஜூலை 31

காரியப் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. பூ, விளக்கு, மேகம், நடுவில் தாத்தா படம். அதன் கீழே 'நடைபெரும்'. யாருடைய பத்திரிகையில்! எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. உடனே டிசைன் பண்ணின பையனைக் கூப்பிட்டு மாற்றச் சொன்னேன், ஒரு எழுத்துதானேக்கா என்றான். அவன் நல்ல பையன், உடனே மாற்றியும் கொடுத்தான், ஆனால் அந்த 'ஒரு எழுத்துதானே' சாயங்காலம் வரைக்கும் காதில் இருந்தது. சாவு வீட்டு வேலை என்று யாராவது வந்தால், பாதி கோத்த கல்யாணப் பத்திரிகையைக்கூட தாத்தா ஓரமாக வைத்துவிடுவார். கறுப்பு பார்டர் கட்டி, இரண்டு தடவை புரூஃப் பார்த்துத்தான் மெஷினுக்கு அனுப்புவார். கல்யாண வீட்டில் தப்பு வந்தா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க, இவங்க வாழ்நாள் பூரா பார்ப்பாங்க என்பார்.

இப்போது பத்திரிகை சரியாக இருக்கிறது. மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1

ஹாஸ்டலில் இருந்த எனக்குத் தாத்தா எழுதின இன்லண்ட் லெட்டர்கள் கிடைத்தன. எல்லாவற்றிலும் அந்தத் தும்பிக்கை வைத்த பழைய 'லை'. 1978இல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது, பெரியார் 1935லேயே குடி அரசில் போட்டுக் காட்டினதுதானே என்று பிரஸ்ஸில் முதலில் சந்தோஷப்பட்டவர் இவர்தானாம். ணா, றா, னாவுக்கெல்லாம் தனித்தனி அச்சு வேண்டாம், கேஸில் அறை மிச்சம். ஆனால் கையால் எழுதும்போது மட்டும் கடைசி வரைக்கும் பழைய லை, பழைய ணை. கேட்டால், கை பழகிடுச்சு, என்னை விட்டுடு என்பார்.

ஆகஸ்ட் 3

பதினெட்டாம் பெருக்கு. தெருவே ஆற்றுக்குப் போயிருக்கிறது. நாங்கள் போகவில்லை.

ஆகஸ்ட் 5

சித்தப்பா பின்கட்டு அறையைக் காலி பண்ண வேண்டும் என்கிறார். பிரஸ்ஸை மூடினபோது தாத்தா சம்பளப் பாக்கிக்குப் பதிலாகக் கேட்டு வாங்கிவந்த கேஸ்கள் அங்கேதான் இருக்கின்றன, எழுத்தோடு. பழைய இரும்புக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஈயம்தானே, கிலோ கணக்கில் எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். வெறும் ஈயம் இல்லை, ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்தது, அதனால்தான் அத்தனை அழுத்தத்துக்கும் நசுங்காமல் நிற்கிறது என்று எனக்குப் பத்து வயசில் சொல்லிக்கொடுத்தவர் தாத்தா. சித்தப்பாவைக் குறை சொல்லவும் மனசில்லை, ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவர் தலையில், வீடும் சின்னது, பாட்டிக்குக் கீழே ஒரு அறை வேண்டும், எல்லாம் புரிகிறது, ஆனாலும் அந்தக் கேஸ்களைத் தராசில் வைப்பதை நினைத்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது.

தரங்கம்பாடிக்கு அழைத்துக்கொண்டு போனார் ஒருமுறை. கடலைப் பார்க்க என்று நான் நினைத்தேன். அவர் நேரே ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு சிலைக்குப் போய் நின்றார். ஜெர்மனியிலிருந்து தமிழ் அச்சு வந்து இறங்கின ஊர் பாப்பா இது, வந்த எழுத்து பெரிசு, காகிதத்தைத் தின்னுச்சு, அதனால இங்கேயே சின்னதா வார்த்தாங்க, 1715ல புதிய ஏற்பாடு வந்துச்சு என்று வெயிலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். கோவிலுக்குப் போகாத மனிதர், அங்கே செருப்பைக் கழற்றினார்.

ஆகஸ்ட் 6

பத்திரிகையில் 'இறைவனடி சேர்ந்தார்' என்றிருப்பது இப்போதுதான் உறைக்கிறது. பாட்டி இருக்கட்டும் என்றார். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 8

காரியம் முடிந்தது. தலைப்பாகை கட்டும்போது சித்தப்பா உடைந்து அழுதார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷினில் வேலை பார்த்த பழைய மெஷின்காரர் ஒருவர், எண்பது வயசிருக்கும், யாரும் கேட்காமலே சொன்னார்: "அண்ணன் கலைச்சுப் போட்ட கேஸ்ல கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம், எழுத்து மாறி இருக்காது." நான் எழுந்து போய் அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினேன். பேச முடியவில்லை.

ஆகஸ்ட் 10

ஆவணி முகூர்த்தத்துக்கு அச்சடிக்கும் நேரம் இது. இந்த மாசம் முழுக்க ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வீட்டுக்கு வருவார்.

ஆகஸ்ட் 12

கேஸ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா என்று இரண்டு காலேஜில் கேட்டேன். இடம் இல்லை என்கிறார்கள். டிரெடில்காரர் கொடுத்த நம்பர் ஒன்று இருக்கிறது, திருச்சியில் ஒருவர் இன்னும் எழுத்துக் கோத்து அச்சடிக்கிறாராம். சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுக்கிறேன் என்றிருக்கிறார். காலையில் கூப்பிட வேண்டும்.